படமெடுத்த நாகத்தின் முன் ஒரு குழாயும் ஒரு பையும்: பாம்பு மீட்புக் கருவித் தொகுப்பு குறித்த மதிப்பீடு

குடியிருப்புகளுக்குள் புகுந்துவிடும் பாம்புகளைப் பத்திரமாக எடுத்து வனத்துறை காட்டும் இடத்தில் விடும் பணியில், முறையான பயிற்சியும் அனுமதியும் பெற்ற தன்னார்வலனாகச் சில ஆண்டுகளாக ஈடுபட்டிருக்கிறேன். இரண்டு மழைக்காலங்களாக என்னிடம் இருக்கும் ஒரு கருவித் தொகுப்பைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். கொக்கிக் கம்பி ஒன்று, இடுக்கிக் கோல் ஒன்று, குழாய் பொருத்திய கறுப்புத் துணிப்பை ஒன்று, கண்ணைக் காக்கும் கண்ணாடி ஒன்று, இவற்றுடன் ஒரு சிறு கையேடு என்று பெட்டிக்குள் ஐந்து பொருள்கள் வருகின்றன. ஏறக்குறைய இதே அமைப்பில் பல நிறுவனங்கள் தொகுப்புகளை விற்பதாலும், நான் சொல்ல வருவது வடிவமைப்பைப் பற்றியதே என்பதாலும் தயாரிப்பாளரின் பெயரைக் குறிப்பிடவில்லை. உலோகத்தின் தரம், தையலின் நேர்த்தி, எடை ஆகியவற்றைப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் இவற்றை உருவாக்கியவருக்கு நாகத்தின் இயல்பு தெரிந்திருக்கிறதா என்பதே என்னுடைய முதல் அளவுகோல். அந்த அளவுகோலில் இத்தொகுப்பின் ஒரு பொருள் மிக உயர்ந்து நிற்கிறது, ஒரு பொருள் முற்றிலும் தோற்கிறது.

நாகத்தின் இயல்பு என்று நான் சொல்வது இதைத்தான். மனிதரைக் கண்டதும் அது முதலில் தேடுவது ஒதுங்கிச் செல்ல ஒரு வழியை. அந்த வழி அடைபட்டுவிட்டதாக உணரும்போதுதான் உடலின் முற்பகுதியை, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வரை, தரையிலிருந்து உயர்த்தி, கழுத்துப் பகுதியில் உள்ள நீண்ட விலா எலும்புகளை இருபுறமும் விரித்துப் படமெடுக்கிறது. தன்னைப் பெரிதாகக் காட்டி எதிரியைத் தயங்க வைப்பதற்கான எச்சரிக்கை அது. சீறிக்கொண்டு முன்னால் பாயும்போதுகூடப் பல நேரங்களில் வாயை மூடியபடி மூக்கால் முட்டிவிட்டுப் பின்வாங்கும். நஞ்சு அதற்கு இரை தேடுவதற்கான முதலீடு. உண்ண முடியாத ஓர் உருவத்தின்மீது அதைச் செலவழிக்க அது அவசரப்படுவதில்லை. இதனாலேயே கடித்தும் நஞ்சு செலுத்தாத வெற்றுக்கடிகளும் நிகழ்கின்றன. ஆயினும் கடிபட்டவர் எவரும் தமக்கு வெற்றுக்கடிதான் என்று தாமாக முடிவுசெய்துகொண்டு வீட்டில் இருந்துவிடக் கூடாது. படமெடுத்து நிற்கும் நாகம் சண்டைக்கு அழைக்கிறது என்று எண்ணி வடிவமைக்கப்பட்ட கருவி ஒருவகையாகவும், வழி கேட்கிறது என்று புரிந்துகொண்டு வடிவமைக்கப்பட்ட கருவி வேறுவகையாகவும் இருக்கும்.

குழாய் பொருத்திய பை இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. கறுப்பு நிற பி.வி.சி. குழாய், ஒரு கை முழம் நீளம், உள்ளங்கையை விரித்தால் அடைபடும் அளவுக்கு வாய். அதன் மறுமுனையில் நீண்ட, தடித்த பருத்தித் துணிப்பை ஒரு வளையத்தால் இறுக்கப்பட்டிருக்கிறது. பையின் அடியில் மூலைகள் இல்லை, வளைவாகத் தைத்திருக்கிறார்கள். மூலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு பாம்பு மூச்சுக்குத் திணறும் நிலை இதனால் தவிர்க்கப்படுகிறது. நாகங்கள் எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் கற்குவியல்களின் இடுக்குகளிலும் பகலைக் கழிப்பவை. திறந்த தரையில் அகப்பட்ட நாகத்துக்கு முன்னால் இருண்ட, வட்டமான ஒரு வாய் தெரிந்தால் அதைத் தன் வளையாகவே எடுத்துக்கொண்டு தானாக நுழைகிறது. கையால் தொடவோ கழுத்தைப் பிடிக்கவோ தேவையே ஏற்படுவதில்லை.

சென்ற மழைக்காலத்தில் ஒரு வீட்டின் பின்கட்டில், துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் சுவருக்கும் இடையில் ஒரு நல்ல பாம்பு இருப்பதாக அழைத்தார்கள். நான் போனபோது நான்கைந்து பேர் துடைப்பத்துடனும் கம்பியுடனும் வாசலை அடைத்து நின்றுகொண்டிருந்தார்கள். பாம்பு முழு உயரத்துக்கு எழும்பி, ஒவ்வொருவர் அசையும்போதும் அவர் பக்கமாகத் திரும்பித் திரும்பிச் சீறிக்கொண்டிருந்தது. முதல் வேலையாக எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுக் குழாயின் வாய் சுவரை ஒட்டியிருக்கும்படி பையைத் தரையில் கிடத்தி, குழாயின்மேல் ஒரு ஈரச் சாக்கைப் போர்த்திவிட்டு, கொக்கிக் கம்பியைக் கீழே தாழ்த்தியபடி ஓர் ஓரமாக அசையாமல் நின்றேன். சற்று நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு படத்தின் விளிம்பு முதலில் தளர்ந்தது; கழுத்தின் தோல் சுருங்கச் சுருங்க, செதில்களுக்கு இடையே விரிந்து தெரிந்த வெளிர்ந்த தோல் மறைந்தது; நாக்கு நிதானமாக வெளியே வந்து மேலும் கீழும் அசைந்து உள்ளே போனது. உடல் தரையில் படிந்ததும் சுவரோரமாகவே நகர்ந்து, குழாயின் வாயில் ஒருமுறை நின்று, நாக்கை நீட்டிப் பார்த்துவிட்டு, தயக்கம் தீர்ந்ததுபோல் வழுக்கிக்கொண்டு உள்ளே சென்றது. வால் நுனி மறைந்ததும் குழாயை மெல்ல உயர்த்தினேன். பாம்பு பைக்குள் இறங்கிவிட்டது. பையின் கழுத்தைக் கம்பியின் குறுக்கால் அழுத்தி, முறுக்கி, கட்டி முடித்தேன். அந்தச் சில நிமிடங்களில் நான் செய்த பெரிய வேலை சும்மா நின்றதுதான்.

அசையாமல் நிற்பது ஏன் பயன் தருகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் கையேட்டில் இது பற்றி ஒரு வரிகூட இல்லை. நாகத்தின் கண் அசைவைப் பின்தொடர்வதில் கூர்மையானது. காதைப் பொறுத்தவரை அதற்கு வெளிக்காதும் செவிப்பறையும் இல்லை. உள்காது தாடை எலும்புடன் இணைந்திருப்பதால் தரையின் அதிர்வை நன்றாக உணர்கிறது, காற்றில் வரும் ஒலியில் தாழ்ந்த அதிர்வெண் உடையவற்றை மட்டும் ஓரளவு உணர்கிறது. மகுடிக்கு மயங்கிய பாம்பு என்று நாம் பேச்சில் சொல்கிறோம். உண்மையில் அது பின்தொடர்வது ஊதுபவரின் கை அசைவையும் மகுடியின் அசைவையும்தான். ஆகவே கூச்சலிடுபவரைவிடக் காலைத் தரையில் ஓங்கி வைப்பவரும் கையை ஆட்டுபவருமே அதை மிகுதியாக அச்சுறுத்துகிறார்கள். வீட்டார் நிற்கும் இடத்தை மாற்றாமல் எந்தக் கருவியைப் பயன்படுத்தினாலும் பயன் குறைவு.

பையில் இரண்டு குறைகள் உள்ளன. குழாயையும் பையையும் இணைக்கும் வளையம் நாளடைவில் தளர்கிறது. ஒருமுறை விரல் பருமனே இருந்த ஒரு குட்டி, குழாய்க்குள் போன வேகத்தில் அந்த இடைவெளியில் தலையை நுழைத்து, என் கையிலிருந்து ஒரு சாண் தொலைவில் வெளியே வந்து நின்றது, வந்ததும் படமெடுத்தது. முட்டையிலிருந்து வெளிவரும்போதே நாகக் குட்டிக்கு நஞ்சும் நச்சுப்பற்களும் இருக்கின்றன. படமெடுக்கவும் கடிக்கவும் யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அன்று குழாயை அப்படியே தரையில் வைத்துவிட்டுப் பின்வாங்கியதால் எனக்கு ஒன்றும் நேரவில்லை, குட்டியையும் அகன்ற வாய் உடைய ஒரு நெகிழி உருளைக்குள் நடக்கவிட்டு எடுக்க முடிந்தது. அதன் பிறகு ஒவ்வொரு அழைப்புக்கும் முன்னர் வளையத்தின் மேல் ஒட்டுநாடாவை இரண்டு சுற்று சுற்றிவிட்டே புறப்படுகிறேன். உயிரோடு விளையாடும் இடத்தில் இருக்கும் ஓர் இணைப்பை வாங்குபவரே சரிசெய்துகொள்ளட்டும் என்று விட்டிருப்பது எனக்குக் கடுமையான வருத்தம். இரண்டாவது குறை, துணி தடித்ததாயினும் பல்லைத் தடுக்கும் அளவுக்குத் தடிப்பில்லை. நாகத்தின் நச்சுப்பற்கள் விரியன்களுடையவை போல் மடங்குபவை அல்ல; மேல்தாடையின் முன்புறத்தில் நிலையாக நிற்கும் குட்டையான பற்கள். குட்டையாயினும் துணியைத் துளைத்துக் கடிக்கும் அளவு போதும். பையை உடலோடு அணைத்தோ காலில் உரசும்படியோ தூக்கிச் செல்லாமல் இருக்க, பையின் கழுத்தில் கம்பியைக் கோத்துத் தூக்குவதற்கு ஒரு கண்ணி தைத்திருக்க வேண்டும். இதில் அது இல்லை.

கொக்கிக் கம்பியைப் பற்றி நிறைவாகவே சொல்லலாம். ஏறத்தாழ நான்கு அடி நீளம், அலுமினியத் தண்டு, முனையில் மழுங்கலாக்கப்பட்ட எஃகுக் கொக்கி, பிடியில் ரப்பர் உறை. நீளம் ஏன் முக்கியம் என்றால், நாகம் எழும்பி நிற்கும் உயரமே அது முன்னால் சாய்ந்து கொத்தக்கூடிய தொலைவுக்கு நல்ல அளவு. நல்ல பாம்பு பொதுவாக ஒரு மீட்டர் முதல் ஒன்றரை மீட்டர் வரை வளர்வது. அதில் மூன்றில் ஒரு பங்கு என்றால் அரை மீட்டர். விரியன் சுருளிலிருந்து விடுபடும் வேகத்தோடு ஒப்பிட்டால் நாகம் கொத்தும் வேகம் குறைவு. மேலிருந்து கீழ்நோக்கி விழும் கொத்து அது. நான்கு அடிக் கம்பியுடன் நிற்பவருக்கு இந்தக் கணக்கில் போதுமான இடைவெளி கிடைக்கிறது. உடலின் நடுப்பகுதிக்குக் கீழே கொக்கியைக் கொடுத்து இலேசாகத் தூக்கினால் பாம்பு எடையைச் சமன்செய்வதில் கவனம் செலுத்துகிறது. ஆயினும் நாகம் கொக்கியில் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும் பாம்பு அன்று, ஓயாமல் முன்னேறிக்கொண்டே இருக்கும். அதனால் நான் கொக்கியைத் தூக்குவதற்குக் குறைவாகவும், குழாயின் திசைக்கு வழிகாட்டுவதற்கு மிகுதியாகவும் பயன்படுத்துகிறேன்.

ராஜநாகத்துக்கு இந்தத் தொகுப்பு பொருந்தாது என்பதைப் பெட்டியின் மேலேயே அச்சிட்டிருக்க வேண்டும். அது நாஜா என்ற நாகப் பேரினத்தைச் சேராதது, தனிப் பேரினம். 2024-இல் வெளியான ஆய்வு அதையே நான்கு இனங்களாகப் பிரித்திருக்கிறது. நான்கு மீட்டர் நீளமுள்ள ராஜநாகம் எழும்பினால் அதன் தலை ஒரு மனிதனின் இடுப்புக்கு மேலே நிற்கும். நான்கு அடிக் கம்பி அங்கே பாதுகாப்புத் தராது, இந்தக் குழாய்க்குள் அதன் உடலும் எளிதில் போகாது. இலைச் சருகைக் கூட்டிக் கூடு கட்டி முட்டையிட்டு அதன் அருகிலேயே இருக்கும் பெண் ராஜநாகத்திடம் ஒதுங்கிச் செல்லும் குணத்தை எதிர்பார்க்கவும் முடியாது. அது தனிப் பயிற்சியும் வேறு கருவிகளும் கொண்டவர்களின் வேலை.

இனி இடுக்கிக் கோல். பிடியை அழுத்தினால் முனையில் உள்ள இரு தாடைகள் மூடிக்கொள்ளும் அமைப்பு; தாடைகளின் உட்புறத்தில் பற்கள் போன்ற வெட்டுகள். விளம்பரப் படத்தில் அந்தத் தாடைகள் ஒரு நாகத்தின் கழுத்தைக் கவ்வியிருக்கின்றன. படமாக விரியும் மெல்லிய விலா எலும்புகள் இருக்கும் இடம் அதுதான். கையின் விசை நெம்புகோலால் பெருகி முனைக்குப் போவதால், எவ்வளவு அழுத்துகிறோம் என்பது பிடித்திருப்பவருக்கே தெரிவதில்லை. வேறொரு தன்னார்வலர் இத்தகைய கோலால் எடுத்துவந்த ஒரு நாகத்தைப் பார்த்திருக்கிறேன். வெளியே ஒரு துளி இரத்தம் இல்லை. ஆனால் எழும்பும்போது கழுத்தின் ஒரு பக்கம் மட்டும் விரிந்தது, மறுபக்கம் மடங்கியே கிடந்தது. இரண்டு நாள் கழித்து அது இறந்தது. வலியில் துடிக்கும் பாம்பு எச்சரிக்கை என்ற கட்டத்தைத் தாண்டி, எட்டியதையெல்லாம் கடிக்கும் என்பதால் பிடிப்பவருக்கும் இதனால் ஆபத்தே கூடுகிறது. என்னுடைய இடுக்கிக் கோலின் தாடைகளுக்குப் பஞ்சு உறை தைத்து, ஓட்டைத் தூக்கவும் விறகை விலக்கவும் மட்டும் வைத்திருக்கிறேன். அந்த வேலைகளுக்கு அது மிக நன்றாக உதவுகிறது.

கண்ணாடி தேவையா என்பது எந்த நாகம் உங்கள் பகுதியில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஆப்பிரிக்காவின் கருங்கழுத்து நாகமும் மொசாம்பிக் நாகமும், ஆசியாவில் ஜாவா, பிலிப்பைன்ஸ், இந்தோசீனா பகுதிகளின் சில நாகங்களும் நஞ்சை உமிழக்கூடியவை. அவற்றின் நச்சுப்பல்லில் துளை கீழ்நோக்கி இல்லாமல் முன்னோக்கித் திறந்திருக்கிறது. சுரப்பியைச் சுற்றிய தசை அழுந்தியதும் நஞ்சு தாரையாகப் பீறிடுகிறது. இரண்டு மீட்டர் வரை போகும். கண்களை நோக்கியே உமிழும். தலையை நுட்பமாக அசைத்து முகத்தின்மீது பரவச் செய்யும். இந்தத் திறன் நாக வழியில் மூன்று முறை தனித்தனியாகத் தோன்றியது என்றும், உமிழும் இனங்களின் நஞ்சு மிகுந்த வலியை உண்டாக்கும் வகையில் மாறியிருக்கிறது என்றும் 2021-இல் வெளியான ஆய்வு காட்டியது. இரை பிடிக்க உமிழ்வதால் பயனில்லை. எதிரியைத் தொலைவிலேயே நிறுத்த மட்டுமே உதவும் ஓர் ஆயுதம் இப்படிப் படிப்படியாகக் கூர்மைப்பட்டிருப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. ஆனால் இந்தத் தொகுப்பின் கண்ணாடியில், பனி படியாமல் இருப்பதற்காக மேல் விளிம்பில் காற்றுத் துளைகள் விட்டிருக்கிறார்கள். நெற்றியில் பட்ட துளிகள் வியர்வையோடு அந்தத் துளைகள் வழியே கண்ணுக்கு இறங்கும். முகம் முழுவதையும் மறைக்கும் தகடுதான் இதற்குச் சரியானது. கண்ணில் நஞ்சு பட்டுவிட்டால் தேய்க்காமல், தூய நீரை இடைவிடாமல் கால் மணி நேரமாவது ஓடவிட்டுக் கழுவியபடியே மருத்துவரிடம் போக வேண்டும்.

கையேட்டைப் பற்றி நான் கோபத்துடனேயே எழுத வேண்டியிருக்கிறது. பன்னிரண்டு பக்கங்களில் முதலுதவிக்கு ஒரே பக்கம். அந்த ஒரு பக்கத்திலும் கடிவாய்க்கு மேலே கயிற்றால் இறுகக் கட்டச் சொல்லியிருக்கிறார்கள். நாகத்தின் நஞ்சில் இரு பெரும் பகுதிகள் உள்ளன. ஒன்று நரம்பின் கட்டளை தசையைச் சென்றடையும் இடத்தை அடைத்துவிடுகிறது. முதலில் இமைகள் தாழும், பார்வை இரட்டிக்கும், பேச்சு குழறும், எச்சில் விழுங்க முடியாமல் போகும், கடைசியில் மூச்சுத் தசைகள் நின்றுபோகும். மற்றொன்று கடித்த இடத்தின் திசுக்களை அழித்து, வீங்கச் செய்து, அழுகச் செய்கிறது. கயிற்றால் இறுகக் கட்டினால் இந்த இரண்டாவது பகுதியின் அழிவை ஒரே இடத்தில் தேக்கி, இரத்த ஓட்டத்தையும் நிறுத்தி, கையையோ காலையோ இழக்கும் நிலைக்குக் கொண்டுபோய்விடலாம். கடிபட்டவரைப் படுக்க வைத்து, மோதிரம், வளையல், இறுக்கமான ஆடை ஆகியவற்றைக் கழற்றி, கடிபட்ட உறுப்பு அசையாதபடி ஒரு மட்டையை வைத்துத் தளர்வாகக் கட்டி, விஷமுறிவு மருந்தும் செயற்கைச் சுவாசக் கருவியும் உள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்வதே செய்ய வேண்டியது. கீறுவதும் வாயால் உறிஞ்சுவதும் கூடாது. மூச்சு நின்றுபோகும் நிலையிலும் செயற்கைச் சுவாசம் கொடுத்துக் காத்திருந்தால், மருந்தும் உடலும் சேர்ந்து தசைகளை மீட்டுக்கொண்டுவர முடியும். உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி ஆண்டுதோறும் 81,000 முதல் 1,38,000 பேர் பாம்புக்கடியால் இறக்கிறார்கள். 2017-இல் அந்நிறுவனம் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. இவ்வளவு உயிர்கள் போகும் ஒரு விஷயத்தில், பாம்பு பிடிக்கும் கருவியை விற்பவர் தவறான முதலுதவியை அச்சிட்டு விற்பதை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுச் சரியான முறையையும் அருகில் உள்ள மருத்துவமனையின் எண்ணையும் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

அதே கையேட்டில், பாம்பைக் கொன்றுவிட்டால் ஆபத்து முடிந்தது என்ற தொனியில் ஒரு வரியும் வருகிறது. துண்டிக்கப்பட்ட தலையும் சற்று நேரம் வரை அனிச்சையாகக் கடிக்கக்கூடும் என்பதால் இறந்த நாகத்தையும் நான் கையால் தொடுவதில்லை.

யாருக்கு இதைப் பரிந்துரைக்கலாம் என்று கேட்பவர்களுக்கு என் விடை தெளிவானது. தேர்ந்தவரிடம் நேரில் பயின்று, உரிய அனுமதியும் பெற்றவர்கள், குழாய்ப் பைக்காகவும் கொக்கிக்காகவும் இதை வாங்கலாம். இரண்டும் நல்ல பொருள்கள். வீட்டில் ஒன்று இருக்கட்டுமே என்ற எண்ணத்தில் வாங்க நினைப்பவர்கள் வாங்க வேண்டாம். அவர்கள் செய்ய வேண்டியது பாம்பிலிருந்து விலகி நின்று, அது எந்த இடுக்கில் போகிறது என்பதை மட்டும் கண்ணால் தொடர்ந்து, பயிற்சி பெற்றவரை அழைப்பதே. எலியைத் தேடி வந்த பாம்புக்கு வீட்டில் தங்கும் நோக்கம் கிடையாது. தானியம் சிந்தாமலும் கதவடியில் இடைவெளி இல்லாமலும் பார்த்துக்கொள்வது எந்தக் கருவியைவிடவும் நன்றாக வேலை செய்யும்.

பைக்கு நான் கொடுக்கும் பராமரிப்பு எளியது. ஒவ்வொரு முறையும் உட்புறத்தை வெளியே திருப்பி, மணமுள்ள சோப்பு எதுவும் சேர்க்காமல் நீரில் அலசி, வெயிலில் காயவைக்கிறேன். நாகம் நாக்கால் காற்றிலிருந்தும் தரையிலிருந்தும் திரட்டும் வாசனைத் துகள்களை மேல்வாயில் உள்ள உறுப்பில் வைத்து அறிகிறது. கடுமையான நெடி அடிக்கும் குழாயின் வாயில் அது தயங்குவதை இருமுறை பார்த்த பிறகே இந்த வழக்கத்துக்கு வந்தேன். தையல் இன்றுவரை எங்கும் பிரியவில்லை, துணியின் கறுப்பும் வெளுக்கவில்லை.

துவைக்கும் இயந்திரத்தின் பின்னால் எடுத்த அந்த நல்ல பாம்பை அன்று மாலையே வனக் காவலருடன் சென்று, அவர் காட்டிய புதர்க்கரையில் விட்டோம். பையின் கட்டை அவிழ்த்து, குழாயின் வாயைப் புதரின் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் பத்தடி தள்ளி நின்றோம். பாம்பு வரவில்லை. நுழைவதற்கு எந்த இருட்டு அதற்குத் துணையாக இருந்ததோ, அதே இருட்டைவிட்டு வெளியே வர அதற்கு விருப்பமில்லை. பையைத் தட்டலாமா என்று காவலர் கேட்டார், வேண்டாம் என்றேன். வெளிச்சம் மங்கிக் குழாயின் உள்ளும் புறமும் ஒரே நிறமான பிறகுதான் நாக்கு மட்டும் முதலில் வெளியே தெரிந்தது. பிறகு தலை, பிறகு கழுத்து. படமெடுக்காமல், எங்கள் பக்கம் திரும்பாமல், சருகின்மேல் ஓசை கேட்கும்படி நீளமாக வெளியேறிப் புதருக்குள் போனது. நாங்கள் அங்கே நின்றிருந்தது நாற்பது நிமிடம்.